பதிந்த சப்டைட்டில்: அழிப்பதா, மூடுவதா, அப்படியே விடுவதா?

வீடியோவோடு சேர்ந்து பதிந்துவிட்ட சப்டைட்டிலை “எடுத்துத் தாங்க” என்று கொண்டுவருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே நம்பிக்கைதான்: எழுத்துக்குப் பின்னால் படம் பத்திரமாக இருக்கிறது, எழுத்தைத் துடைத்தால் வெளியே வந்துவிடும். அங்கே படம் இல்லை. எழுத்தையும் படத்தையும் சேர்த்து ஒரே வீடியோவாக வெளியெடுத்த (ரெண்டர் பண்ணிய) அந்த நேரத்திலேயே அந்த இடத்து நிறங்கள் போய், வெள்ளையோ மஞ்சளோ வந்து குந்திவிட்டது. பிறகு செய்யக்கூடியதெல்லாம் நாலு வகைக்குள் அடங்கும். அந்தப் பகுதியை வெட்டிவிடலாம். மேலே எதையாவது வைத்து மூடலாம். அதே வீடியோவில் வேறொரு நேரம் அந்த இடம் எழுத்தில்லாமல் தெரிந்திருந்தால் அதை எடுத்து ஒட்டலாம். ஒன்றும் சரிவராவிட்டால், என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து வரையலாம். ஏஐ செய்யும் என்று இப்போது சொல்லப்படுவது பெரும்பாலும் இந்தக் கடைசி வகைதான்.

எந்த மென்பொருள் நல்லது என்று கேட்பதற்கு முதல், எழுத்து எதன் மேல் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். ஒருவருடைய சட்டையின் மேல் விழுந்த எழுத்து, வாவித் தண்ணீரின் மேல் விழுந்த எழுத்து, கூத்தாடுகிறவரின் காலின் மேல் விழுந்த எழுத்து: மூன்றும் வேறு வேறு வேலை. கூலியும் வேறு, கிடைக்கிற முடிவும் வேறு.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இந்தத் தேவை சில வழிகளில் வரும். தொலைக்காட்சிக்காக எடுத்த கூத்தோ கண்ணகி அம்மன் சடங்கோ சிங்களச் சப்டைட்டிலோடு ஒளிபரப்பாகியிருக்கும். யாரோ வீட்டில் வீஎச்எஸ் நாடாவில் பதிந்து வைத்த கொப்பி மட்டும் இன்று மிஞ்சியிருக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு நாவலடி, கல்லடி, கல்முனை, திருக்கோவில் பக்கமெல்லாம் வந்து எடுத்த பேட்டிகளில் ஆங்கில எழுத்து இருக்கும். பேசியவர் இப்போது உயிரோடில்லை, ஆண்டுத் திவசத்துக்கு அந்த முகமும் குரலும் வேண்டும் என்று பிள்ளைகள் வருவார்கள். உயர்தரப் பிள்ளைகளுக்குக் காட்ட ஓர் ஆசிரியர் எடுத்துவைத்த பாட வீடியோவின் அடியில் வேற்றுமொழி வரிகள் ஓடும். கேட்கிற வாக்கியம் ஒன்றுதான், பதில் ஒன்றாக இருக்க முடியாது.

கை வைக்க முதல்

உண்மையிலேயே பதிந்த எழுத்தா என்று முதலில் சோதிக்க வேண்டும். கோப்பை விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் திறந்து சப்டைட்டில் மெனுவுக்குப் போய் நிறுத்திப் பாருங்கள். எம்கேவி கோப்புகளில் எழுத்து தனித் தடமாக இருப்பது சாதாரணம். டிவிடியிலும் அப்படித்தான்: அங்கே சப்டைட்டில் படமாகச் சேமிக்கப்பட்டிருந்தாலும் வீடியோவுக்கு மேல் தனி அடுக்காகத்தான் இருக்கும், நிறுத்தினால் நிற்கும். டிவிடியை யாரோ எம்பி4 ஆக மாற்றித் தந்தபோது எழுத்தையும் சேர்த்துப் பதித்திருந்தால், அந்த எம்பி4 ஐ வைத்துப் போராடுவதைவிட டிவிடியைத் தேடுவதுதான் புத்தி.

அதற்கடுத்து, எழுத்து போட முந்திய கொப்பி யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்பது. இந்தக் கட்டுரையில் வரும் எல்லா வழிகளையும்விட இது நல்லது, செலவும் குறைவு. ஆனாலும் பலர் கடைசியாகத்தான் இதை நினைக்கிறார்கள். அந்தக் காலத்தில் கேமரா பிடித்தவரின் வீட்டில் மினிடிவி (MiniDV) என்ற சின்ன டிஜிட்டல் கேமரா நாடா கிடக்கலாம். அதில் இருப்பது 720க்கு 576 புள்ளிப் (பிக்சல்) படம்தான், இன்றைய கண்ணுக்குச் சிறிசு. ஆனால் எழுத்தே விழாத படம். நாடாவை ஓட்ட ஒரு பழைய கேமராவும் அதை இணைக்கிற பயர்வயர் என்ற பழைய வகைத் துளையுள்ள கணினியும் தேடுவது சிரமம்தான். அந்தச் சிரமம் ஒரு நாளோடு முடியும். ஊகித்து வரைந்த படத்தின் குறை வீடியோ உள்ளவரை இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த கொப்பியோடு யாராவது வந்தால், அனுப்பியவரிடமே ஆவணமாகத் திரும்ப அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் வீடியோவாக அனுப்பினால் நசுக்கித்தான் அனுப்பும், நசுங்கின படத்தில் எழுத்தின் ஓரம் கரைந்து பரவியிருக்கும். அது பின்னால் எவ்வளவு தொல்லை தரும் என்று சொல்கிறேன்.

வெட்டுவது

சினிமாப் பட அகலத்தில் எடுத்து, மேலும் கீழும் கறுப்புப் பட்டி விட்ட வீடியோ என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். 1920க்கு 1080 சட்டத்துக்குள் 2.39 விகிதப் படம் ஏறக்குறைய 803 புள்ளி உயரம்தான் பிடிக்கும். மேலே 138, கீழே 138 வெறும் கறுப்பு. எழுத்து அந்தக் கீழ்க் கறுப்புக்குள் அடங்கியிருந்தால் ஒரு கறுப்புச் சதுரம் வைத்தால் போதும், படத்தில் ஒரு புள்ளியும் போகாது. இதற்கும் ஏஐ தளத்தில் காசு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எழுத்து படத்துக்குள்ளேயே விழுந்திருந்தால் கணக்குப் பார்க்க வேண்டும். அடியில் 135 புள்ளி வெட்டினால் 945 மிஞ்சும். 16க்கு 9 விகிதம் கெடாமல் இருக்க அகலத்தை 1680 ஆக்க வேண்டும், பக்கங்களில் மொத்தம் 240 போகும். இரண்டு வரிச் சப்டைட்டிலுக்கு 135 போதாமல் வரவும் கூடும். பேட்டி வீடியோவுக்கு நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். கதிரையில் இருந்து பேசுகிற ஓர் அம்மாவின் நெஞ்சுக்குக் கீழே விழுந்த எழுத்தை வெட்டினால் முகம் கொஞ்சம் பெரிதாகத் தெரியும், திவச வீட்டில் அதைத்தான் பார்க்கவும் விரும்புவார்கள். மடியில் இருந்த கை போய்விடும். அந்தக் கைதான் முக்கியம் என்று பிள்ளைகள் சொன்னால் வேறு வழி பார்க்கலாம். நிலைக்குத்தான ரீல் வேண்டும் என்றாலும் வெட்டுவதே சுகம். மேல் 900 புள்ளியில் இருந்து 506 அகலத்தை எடுத்தால் ஃபோன் திரைக்கு ஒரு மாதிரிப் போதும்.

பழைய 576 வரிப் படத்தில் அடியை வெட்டிவிட்டுப் பெரிதாக்கினால் மங்கல் பளிச்சென்று தெரியும். அதைப் பெரிய திரையில் போடாதீர்கள்.

மூடுவது

பலருக்கு இது ஒரு தோல்வி போலத் தெரிகிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை. சிங்கள வரியின் மேல் ஒரு பட்டியை வைத்து, அதற்கு மேல் தமிழ் வரியை எழுதினால், பார்க்கிறவருக்கு முன்பு இல்லாத ஒரு பயனும் சேர்கிறது. ஆசிரியரின் பாட வீடியோவுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

பட்டி பாதி ஊடுருவித் தெரிகிறதாக இருந்தால் அடியில் உள்ள எழுத்து அதற்குள் மினுங்கும், இரண்டு மொழியும் கலந்து வாசிக்க முடியாமல் போகும். முழு அடர்த்தியாக வையுங்கள். அல்லது முதலில் அந்தப் பகுதியை நன்றாக மங்கலாக்கி அதன் மேல் ஊடுருவும் பட்டியை வையுங்கள். இது கண்ணுக்கு உறுத்தாது. தமிழ் வரி சிங்களத்தையோ ஆங்கிலத்தையோவிட நீளமாக வரும் என்பதால், மொழிபெயர்க்கும்போதே சுருக்க வேண்டும். மேலே விசிறியும் கீழே சுழியும் உள்ள எழுத்து நமது எழுத்து, வரிக்கு வரி இடைவெளி கூடுதலாக விடாவிட்டால் முட்டிக்கொள்ளும். அடோபி பிரீமியரில் கொம்பும் காலும் இடம் மாறி விழுந்தால், அமைப்புகளில் எழுத்து இயந்திரத்தைத் தெற்காசியாவுக்கு மாற்றினால் சரியாகிவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துருவைப் போடுங்கள். யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டி வைத்ததை எஸ்ஆர்டி கோப்புக்குள் (வரிகளையும் அவை வரும் நேரத்தையும் எழுதிவைக்கிற சப்டைட்டில் கோப்பு) போட்டால் எழுத்துரு இல்லாத இடத்தில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத்தான் தெரியும்.

மூடாமல் வெறுமனே மங்கலாக்கி விடுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. கண் முதலில் அங்கேதான் போகும், எதையோ மறைத்திருக்கிறார்கள் என்று நினைக்க வைக்கும். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச வீடியோக் கருவியில் டிலோகோ என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. குறித்துக் கொடுத்த சதுரத்தின் ஓரப் புள்ளிகளைப் பார்த்து உள்ளே இழுத்து நிரப்பும். மூலையில் உள்ள சின்ன லோகோவுக்கு அது செய்யும் வேலை பரவாயில்லை. திரையின் பாதி அகலத்துக்கு ஓடும் சப்டைட்டிலுக்கு அதைப் போட்டால் இழுத்துப் பூசின கறைதான் மிஞ்சும். வெறும் சுவர், வெறும் வானம், வெள்ளைப் பலகை என்றால் மட்டும் பாருங்கள். அப்போதும் எழுத்து வரும் வினாடிகளுக்கு மட்டும் வேலை செய்யும்படி நேரம் கொடுங்கள்; இல்லாவிட்டால் எழுத்தே இல்லாத காட்சியிலும் கறை ஓடிக்கொண்டிருக்கும்.

வேறு பிரேமில் இருந்து கொண்டுவருவது

வீடியோ என்பது அடுத்தடுத்து ஓடும் தனித்தனிப் படங்கள்; அதில் ஒரு படம்தான் ஒரு பிரேம். உண்மையான படம் திரும்பிக் கிடைப்பது இந்த ஒரு வழியில்தான். ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சப்டைட்டில் எப்போதும் திரையில் இருப்பதில்லை. ஒரு வரி மறைந்து அடுத்த வரி வரும் வரைக்கும் ஒரு மூச்சு இடைவெளி இருக்கும். கேமரா முக்காலியில் அசையாமல் நின்றிருந்தால், அந்த இடைவெளியில் கிடைக்கிற ஒரு சுத்தமான பிரேமை எடுத்து, எழுத்து விழும் பகுதியை மட்டும் வெட்டி, எழுத்து வந்த பிரேம்களின் மேல் வைத்துவிடலாம். மேசை, சுவர், மண், கோயில் வாசல்படி என்று அசையாத பொருளுக்கு மேல் விழுந்த எழுத்தென்றால் ஒட்டிய இடம் தெரியவே தெரியாது. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே செய்யலாம், பெரிய கணினி வேண்டாம், பொறுமைதான் வேண்டும். வெளிச்சம் மாறினால் மட்டும் கவனிக்க வேண்டும். வெளியே எடுத்த காட்சியில் முகில் ஒன்று சூரியனை மறைத்தால் ஒட்டின துண்டு தனியாக வெளிச்சம் போட்டுக் காட்டும். அந்த இடத்துக்கு வேறொரு சுத்தப் பிரேம் தேட வேண்டும்.

கேமரா மெல்லத் திரும்புகிற காட்சியிலும் வாய்ப்பு இருக்கிறது. இப்போது எழுத்துக்கு அடியில் இருக்கிற கல், கொஞ்ச நேரத்துக்கு முதல் எழுத்துக்கு வெளியே தெரிந்திருக்கும். அதைப் பின்தொடர்ந்து எடுத்து வரலாம். கையால் செய்தால் கண் பூத்துப் போகும். கணினி நன்றாகச் செய்யக்கூடிய இடம் இதுதான்.

ஏஐ எங்கே கெட்டி, எங்கே பொய்

ஏஐ என்று சொன்னாலும் உள்ளே இரண்டு வேறு சங்கதி இருக்கிறது. ஒன்று, ஒவ்வொரு பிரேமையும் தனிப் புகைப்படமாக எடுத்து ஓட்டையை நிரப்புவது. 2021 இல் வந்த லாமா என்ற ஏஐ மாதிரி இந்த வகை. ஒரு படத்துக்கு அருமையாகச் செய்யும். வீடியோவுக்குப் போட்டால், இந்தப் பிரேமில் ஒரு மாதிரியும் அடுத்ததில் இன்னொரு மாதிரியும் ஊகிக்கும், எழுத்து இருந்த இடம் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். மற்றது, பக்கத்துப் பிரேம்களைப் பார்த்து அங்கே கிடைக்கும் உண்மைப் புள்ளிகளைக் கொண்டுவந்து, மிச்சத்தை மட்டும் ஊகிப்பது. 2020 இன் எஸ்டிடிஎன், 2023 இன் புரோபெயின்டர் இரண்டும் இந்த வகை. அடோபி ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் 2019 இல் வந்த கன்டென்ட் அவேர் ஃபில் வசதிக்கும் அடிப்படை இதுதான். மென்பொருள்களைப் பகிர்கிற கிட்ஹப் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் வீடியோ சப்டைட்டில் ரிமூவர் என்ற கருவி முதல் மூன்றையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறது, எழுத்தையும் தானே கண்டுபிடிக்கும்.

பக்கத்துப் பிரேம்களைப் பார்க்கும் கருவியும் ஒரே நேரத்தில் சில பத்துப் பிரேம்களைத்தான் பார்க்கும், அதற்கு மேல் கிராஃபிக் கார்டின் நினைவகம் தாங்காது. கேமரா அசையாமல், ஒரே வரி நாலைந்து வினாடி நின்றால், அந்தப் பிரேம்கள் எல்லாவற்றிலும் அதே இடம் மூடித்தான் இருக்கும். கொண்டுவர ஒன்றும் இல்லை. அப்போது அதுவும் ஊகத்துக்குத்தான் போகும். கையால் சுத்தப் பிரேம் ஒட்டுகிறவர் அரை நிமிடம் தள்ளிப் போயும் எடுத்து வருவார். இதனால்தான் முக்காலியில் எடுத்த காட்சிக்குக் கைவேலையையும், அசைகிற காட்சிக்குக் கணினியையும் நான் தெரிவுசெய்வேன்.

ஊகம் எல்லாமே மோசமில்லை. வாவித் தண்ணீரின் மேல் விழுந்த எழுத்தை நல்ல கருவி ஒன்று அழித்துத் தந்தால் நீங்களும் நானும் கண்டுபிடிக்க மாட்டோம். தண்ணீரின் நெளிவு இப்படித்தான் இருந்தது என்று யாரும் மனப்பாடம் பண்ணி வைத்திருப்பதில்லை. புல், மணல், கூட்டத்தின் தலைகள், மரத்தின் இலை, எல்லாம் இதே கணக்கு. அதே எழுத்து பழைய கல்லடிப் பாலத்தின் இரும்புச் சட்டங்கள் மேல் விழுந்தால் கதை வேறு. நேராகப் போக வேண்டிய கம்பி நடுவில் வளையும், குறுக்குச் சட்டம் ஒன்று எங்கேயோ போய்ச் சேராமல் நிற்கும். சேலைக் கரை, கட்டம் போட்ட சட்டை, கோயில் பெயர்ப் பலகை, இவற்றிலும் இதே அவதி. முகத்தில் விழுந்தால் தொடவே வேண்டாம். வேறு யாருடையவோ வாய் வந்து உட்காரும்.

நேரத்தையும் கணக்கில் எடுங்கள். நமது தொலைக்காட்சி முறையில் வினாடிக்கு 25 பிரேம். 40 நிமிட வீடியோ என்றால் 60,000 பிரேம். ஒரு பிரேமுக்கு ஒரு வினாடி என்று வைத்தாலும் பதினாறு மணித்தியாலத்துக்கு மேல் கணினி ஓட வேண்டும், நடுவில் கரண்ட் போகக் கூடாது. ஆகவே முழு வீடியோவையும் கொடுக்காமல் எழுத்து வருகிற துண்டுகளை மட்டும் வெட்டிக் கொடுங்கள். அந்த நேரங்களைக் கண்டுபிடிக்க வீடியோசப்ஃபைண்டர் என்ற இலவசக் கருவி உதவும். நல்ல கிராஃபிக் கார்டு இல்லாதவர்கள் இணையத் தளங்களுக்குப் போகிறார்கள். நீளக் கட்டுப்பாடு, ஏற்றி இறக்குகிற டேட்டாச் செலவு, வீட்டாரின் படம் யாரோ ஒருவரின் சர்வரில் கிடப்பது, இவை மூன்றையும் முதலில் யோசியுங்கள். இலவசம் என்று சொல்லும் சில தளங்கள் எழுத்தை எடுத்துவிட்டுத் தங்கள் பெயரைப் படத்தில் போட்டுத் தரும். எழுத்துப் போய் எழுத்து வந்த கதைதான். புரோபெயின்டரின் உரிமமோ வணிகப் பயன்பாட்டுக்கு இடம் கொடுப்பதில்லை. காசுக்கு வேலை செய்கிற ஸ்டூடியோக்காரர் அதை வாசித்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

எந்தக் கருவியானாலும் எழுத்தைக் குறிக்கிற முகமூடி, அதாவது இந்த இடத்தை நிரப்பு என்று நாம் காட்டுகிற பகுதி, தாராளமாக இருக்க வேண்டும். எழுத்தின் வடிவத்தை ஒட்டிக் குறித்தால் போதும் என்று தோன்றும், போதாது. எழுத்துக்குக் கறுப்பு ஓரம் இருக்கும், நிழல் இருக்கும். அதற்கும் அப்பால், வீடியோவைச் சுருக்கும் முறை படத்தைக் கட்டம் கட்டமாகத்தான் எடுக்கும், எச்.264 என்ற பரவலான சுருக்கும் முறையில் ஒரு கட்டம் 16க்கு 16 புள்ளி. கூரான எழுத்து விழுந்த கட்டம் முழுவதும் அதன் அதிர்வு சிதறியிருக்கும். நிறத்தையோ பாதி நுணுக்கத்தில்தான் சேமிப்பார்கள், அதனால் மஞ்சள் எழுத்தின் மஞ்சள் பக்கத்துப் புள்ளிகளிலும் கசிந்திருக்கும். ஒட்டிக் குறித்தால் கருவி இந்தக் கசிவை உண்மைப் படம் என்று எடுத்து உள்ளே பரப்பும். வெள்ளை எழுத்து போய், அதே வரி ஆவியாக நின்று வாசிக்கக் கிடைக்கும். வாட்ஸ்அப் கொப்பி வேண்டாம் என்று முதலில் சொன்னது இதற்காகத்தான்.

வீஎச்எஸ்ஸில் இருந்து எடுத்த பதிவென்றால் இன்னொன்றும் சேரும். பழைய ஒளிபரப்பு ஒற்றை வரிகளையும் இரட்டை வரிகளையும் மாறி மாறி அனுப்பும்; அசைகிற பொருளின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் நிற்கும். அதை எஃப்எஃப்எம்பெக்கின் பிடபிள்யூடிஃப் போன்ற வடிகட்டியால் முதலில் சரிசெய்து, பிறகு எழுத்தை எடுத்து, எல்லாம் முடிந்த பின்தான் பெரிதாக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் ஒவ்வொரு படியும் முந்தின படியின் பிழையைப் பெரிதாக்கும்.

கூத்துக்கு மட்டும் தனிச் சட்டம்

வட்டக்களரி என்ற வட்டமான ஆடுகளத்தில் நடந்த வடமோடி வகைக் கூத்தொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கேமரா ஒரு பக்கத்தில் நிற்கிறது, ஆடுகிறவர் களரியைச் சுற்றி வருகிறார், முன்பக்கம் வரும்போது அவருடைய கால் விழுகிற இடமும் சிங்கள வரி விழுகிற இடமும் ஒன்று. கரப்புடுப்பு என்ற கூத்து உடுப்புக்குக் கீழே தெரிகிற அந்தக் காலிலும் சதங்கையிலும்தான் ஆட்டமே இருக்கிறது. அடியை வெட்டினால் கூத்தை வெட்டினது போல. “மனே, கால் தெரியாட்டி அதெல்லாம் என்ன கூத்து?” என்று கூத்துப் பழக்குகிற எந்த அண்ணாவியாரும் கேட்பார்.

ஏஐயிடம் கொடுத்தால் ஒரு கால் வரும். அழகாகவும் இருக்கும். ஆனால் அந்த மனுசன் அந்த அடியை அப்போது வைத்தாரா என்று அந்தப் படம் சொல்லாது, ஏனென்றால் அந்தக் கால் கணினி வைத்த கால். ஒலியோ பழைய ஒலிதான். மத்தளமும் சல்லரியும் சதங்கையும் ஒரு கணக்கில் போகும், திரையில் கால் வேறொரு கணக்கில் விழும். கலியாண வீடியோவில் இப்படி நடந்தால் யாருக்கும் நட்டமில்லை. இதைப் பார்த்து ஒரு பிள்ளை வீசாணம், நாலடி என்ற ஆட்டங்களைப் பழகினால்? ஆட்டத்துக்கு ஆதாரமாக வைக்கிற வீடியோவில் ஊகித்து வரைந்த காலை வைக்கக் கூடாது என்பது என் முடிவு, கருவி எவ்வளவு முன்னேறினாலும்.

நல்ல காலம், கூத்தின் அமைப்பே கொஞ்சம் கைகொடுக்கிறது. மொழிபெயர்ப்பு பாட்டுக்குத்தான் வரும்; தரு என்ற கூத்துப் பாட்டைப் பாடி முடித்துத் தாளக்கட்டுக்கு ஆடுகிறபோது மொழிபெயர்க்கச் சொல் இல்லை, திரையும் சுத்தமாகவே இருக்கும். வேகமான ஆட்டங்கள் பலவும் இப்படித் தப்பியிருக்கும். எழுத்து விழுந்த மிச்ச இடங்களிலும் கால் அந்தப் பகுதிக்குள் வராத பிரேம்கள் நிறைய உண்டு. அங்கே களரி மண்ணை வேறு பிரேமில் இருந்து கொண்டுவந்து ஒட்டுவதில் பொய் எதுவும் இல்லை. காலும் எழுத்தும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்த வினாடிகள் மட்டும் மிஞ்சும். அந்த இடங்களில் ஒரு மெல்லிய பட்டி வைத்து, பாடப்படும் தருவைத் தமிழில் எழுதிவிடுங்கள். பாட்டுகளை எழுதிவைத்த கூத்துக் கொப்பி ஊரில் யாரிடமாவது இருக்கும். பிற்பாட்டுக்காரரின் குரல் மத்தளத்தில் அமுங்கிப் போன இடத்துக்கும் சொல் கிடைத்துவிடும். கால் சில வினாடி மறைகிறது. ஆனால் மறைந்தது மறைந்ததாகத் தெரிகிறது.

அந்தச் சிங்கள வரிகளையும் எறிய வேண்டாம். அழிக்க முதல் அவற்றை நேரத்தோடு எடுத்து எஸ்ஆர்டியாக வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தை வாசிக்கும் டெசராக்ட் சிங்களத்தையும் வாசிக்கும், பிழை திருத்த மொழி தெரிந்த ஒருவர் வேண்டும். யாரோ ஒருவர் நமது பாட்டை இருந்து கேட்டு மொழிபெயர்த்த உழைப்பு அது. தவிர, முகமூடிக்கு வேண்டிய நேரக் கணக்கும் அதிலிருந்தே வந்துவிடும்.

யாருடைய வீடியோ?

தொலைக்காட்சி நிலையத்தின் லோகோவையும் கடைசியில் ஓடும் பெயர்களையும் சப்டைட்டிலோடு சேர்த்து அழித்து யூடியூபில் தன் பெயரில் போட ஒருவர் கேட்டால், அது வேறு விசயம். இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் படைத்தவருக்கு வெறும் காசுரிமை மட்டும் கொடுக்கவில்லை. தன் பெயர் சொல்லப்படவும், தன் மதிப்பைக் கெடுக்கும்படி படைப்பு சிதைக்கப்பட்டால் எதிர்க்கவும் உரிமை கொடுக்கிறது. கூத்தை ஆடியவர்கள் நம் ஆட்கள் என்பதால் அதைப் படம் பிடித்த வேலையும் நம்முடையது ஆகிவிடாது. எழுதிக் கேட்டு அனுமதி எடுங்கள். கேட்கப் போகிற கடிதமே சில நேரம் எழுத்தில்லாத கொப்பியைத் தேடித் தந்துவிடும்.

வேலையை ஒப்புக்கொள்ள முதல் இருபது வினாடி மாதிரி ஒன்று செய்து காட்டுவது இரு பக்கத்துக்கும் நல்லது. சுகமான இடத்தைத் தெரிவுசெய்யாமல், ஆள் நடமாட்டமும் இரண்டு வரி எழுத்தும் சேர்ந்து வரும் மிகச் சிக்கலான இருபது வினாடியைத் தெரிவுசெய்யுங்கள். ஃபோனில் காட்டாதீர்கள், ஃபோனில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். வீட்டுத் தொலைக்காட்சியில் பென்ட்ரைவைக் குத்திப் போட்டு, ஒலியைக் குறைத்துவிட்டு, முதல் தடவை எதுவும் சொல்லாமல் பார்க்க விடுங்கள். கண் அடியில் போய் நிற்கிறதா என்று அவர்களைப் பார்த்தாலே தெரியும். நின்றால், அதே இடத்தைப் பட்டி வைத்து மூடின மாதிரியையும் அடுத்ததாகப் போடுங்கள். மறுகா விலை பேசலாம். எதைத் தெரிவுசெய்தாலும் அவர்கள் கொண்டுவந்த பழைய கோப்பை ஒரு புள்ளியும் தொடாமல் தனியாகத் திருப்பிக் கொடுங்கள்.